இடுப்பில் துப்பாக்கி, அறையில் தோட்டா

புதுக்கோட்டைக்கு வடமேற்கே குன்றுகள் சூழ நிற்கும் நார்த்தாமலை, முத்தரையர் காலத்துக் கற்றளியாகிய விஜயாலய சோழீச்சரத்தால் புகழ் பெற்ற ஊர். ஆனால் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, கோயிலோடும் சிற்பத்தோடும் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு துயரத்தால் அந்த ஊரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அருகே பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்தில் அன்று காலை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்தின் எல்லையைத் தாண்டிப் பறந்த ஒரு குண்டு, ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில், தாத்தாவின் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை அளித்தும் பயனில்லாமல், 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தச் சிறுவன் இறந்துபோனான். அரசு பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது, தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது, விசாரணையும் நடந்தது. எது நடந்தும், குழலை விட்டு வெளியே போன குண்டைத் திரும்ப அழைக்கும் வித்தை எவருக்கும் கிடையாது என்ற உண்மை மட்டும் மாறவில்லை.

பயிற்சி பெற்றவர்கள், அதிகாரிகளின் மேற்பார்வையில், சுடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஓரிடத்தில், குன்றுகளின் மறைவில் சுட்டபோதே இப்படி ஓர் அனர்த்தம் நேர்ந்ததென்றால், சட்டைக்குள் மறைவாகக் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடைவீதியிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் நடமாடுகிறவருடைய பொறுப்பு எத்தகையது என்று சிந்திக்காமல் இருக்க முடியாது. அவருக்குப் பின்னால் மண்மேடு இல்லை. முன்னால் இலக்குப் பலகை இல்லை. நாற்புறமும் மனிதர்களே இருக்கிறார்கள். அத்தகையவர் தம்முடைய துப்பாக்கியை எந்த நிலையில் வைத்திருக்க வேண்டும், விசையை இழுத்த மாத்திரத்தில் வெடிக்கும்படி குழலின் அறைக்குள் ஒரு தோட்டாவை ஏற்றி வைத்திருக்கலாமா, அல்லது அறையைக் காலியாக விட்டுத் தேவை வரும்போது ஏற்றிக்கொள்வதே தகுமா என்ற கேள்வி உலகெங்கும் ஆயுதம் ஏந்துவோரிடையே நூறாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. துப்பாக்கியைத் தொட்டே பாராத சாதாரண வாசகருக்கு இது அன்னியமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அமைச்சருக்குப் பின்னால் நிற்கும் பாதுகாவலரின் இடுப்பிலும், ரோந்து வரும் காவல்துறை அதிகாரியின் இடுப்பிலும், உரிமம் பெற்ற செல்வந்தர் ஒருவரின் பீரோவிலும் இருக்கும் அந்த ஆயுதத்தின் அருகே நாமும் நம் குழந்தைகளும் நாள்தோறும் நடமாடுகிறோமாகையால், இந்த விவாதத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் அந்த யந்திரத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். பிஸ்டல் என்று வழங்கும் கைத்துப்பாக்கியின் கைப்பிடி உள்ளே கூடாக இருக்கும். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மேகசின் என்னும் சிறு பெட்டியை அடியிலிருந்து அதனுள் செருகுவார்கள். மேகசினின் அடியில் உள்ள சுருள்வில் தோட்டாக்களை எப்போதும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியின் மேற்பகுதியில் குழலை மூடி, முன்னும் பின்னும் நகரக்கூடிய இரும்புப் பாகம் ஒன்று உண்டு. அதற்கு ஸ்லைடு என்று பெயர். அதைக் கையால் பின்னுக்கு இழுத்து விட்டால், அது வில்லின் வேகத்தில் முன்னே பாயும்போது மேகசினின் மேல்மட்டத்தில் உள்ள தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலின் பின்புறத்து அறைக்குள் இறுக்கி அமர்த்தும். அந்த அறையைத்தான் சேம்பர் என்கிறார்கள். விசையை இழுத்ததும் ஓர் ஊசி முன்னே பாய்ந்து தோட்டாவின் அடிப்பாகத்தில் உள்ள சிறு பற்றவைப்புக் கிண்ணத்தைக் குத்த, மருந்து வெடித்துக் குண்டு குழல் வழியே வெளியேறும். அந்த வெடிப்பின் எதிர்விசையால் ஸ்லைடு தானாகவே பின்னுக்கு வந்து, காலிக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பெறப்படுகின்றன. மேகசின் நிறையத் தோட்டா இருந்தாலும் அறை காலியாக இருக்குமானால், விசையை எத்தனை முறை இழுத்தாலும் துப்பாக்கி வெடிக்காது. ஸ்லைடை இழுத்து விடும் செயல் ஒன்று நடந்தாக வேண்டும். இது முதலாவது. இரண்டாவது இதைக் காட்டிலும் முக்கியமானது: அறைக்குள் ஏற்கெனவே ஒரு தோட்டா ஏறியிருக்குமானால், மேகசினைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தோட்டா உள்ளேயே இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் விசை இயங்காதபடி சில துப்பாக்கிகளில் ஏற்பாடு உண்டு. பலவற்றில் அது இல்லை. ‘மேகசினைத்தான் கழற்றிவிட்டோமே’ என்ற நம்பிக்கையில் நேர்ந்த மரணங்களுக்கு உலகில் எல்லையே இல்லை.

ரிவால்வரின் அமைப்பு வேறு. அதில் ஸ்லைடு கிடையாது. பெரும்பாலும் ஆறு துளைகள் கொண்ட ஓர் உருளை சுழன்று சுழன்று ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே கொண்டுவரும். பழைய மாதிரி ரிவால்வர்களில், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியலின் முனை தோட்டாவின் அடியிலேயே படிந்திருக்குமாதலால், அது கைதவறிக் கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால், விசையை எவரும் தொடாமலே வெடிக்கும் அபாயம் இருந்தது. எனவே ஆறு துளைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரே உள்ள துளையைக் காலியாக விடுவதைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியவர்களே ஒரு நியமமாகக் கடைப்பிடித்தார்கள். பிற்காலத்து ரிவால்வர்களில் சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் இடையே தடுப்பு வைத்துச் செய்கிறார்கள். ஆயினும் பழைய ரிவால்வர்கள் இன்னும் பலருடைய வீடுகளில் இருக்கத்தான் செய்கின்றன.

நம் நாட்டில் இத்தகைய ஆயுதத்தை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. மருது சகோதரர்களின் கிளர்ச்சி அடங்கியதும், 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தால், தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் தரிப்பது தடுக்கப்பட்டது. 1878ஆம் ஆண்டில் லிட்டன் பிரபுவின் ஆட்சி பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் பொருந்தும் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே, 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல் இருந்தது. சுதந்தரம் பெற்ற பிறகு இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்து, திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்கிறது. ஆயுதம் வைத்திருப்பது பிரஜையின் பிறப்புரிமை என்று அது சொல்லவில்லை. தக்க காரணம் காட்டி விண்ணப்பித்து, விசாரணைக்கு உட்பட்டுப் பெறவேண்டிய அனுமதியாகவே அதைக் கருதுகிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்துக்காகப் பிறருக்கு ஆபத்து விளையும்படி சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது.

இராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சாமானியருக்குத் தடை செய்யப்பட்ட வகை. உரிமம் பெறுவோர் பெரும்பாலும் வாங்குவது .32 அளவுள்ள ரிவால்வரோ பிஸ்டலோ ஆகும். காவல்துறையினரிடம் நெடுங்காலமாக இருந்துவரும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்படுவது. வாஞ்சியின் பிஸ்டலுக்குப் பெயர் தந்த அதே ஜான் பிரௌனிங் தொடங்கி வைத்து, அவர் 1926இல் இறந்த பிறகு பெல்ஜியத்து நிபுணர் ஒருவர் முடித்து, 1935இல் வெளிவந்த மாதிரியே அதற்கு மூலம். அதன் மேகசினில் 13 தோட்டாக்கள் கொள்ளும்.

வெளியே எடுத்துச் செல்வது எப்படி என்பதற்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழி சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு போகிறவர், உடலோடு பொருந்திய தக்க உறையிலோ அதற்கான பையிலோ வைத்து, அது முழுவதும் மூடியிருக்கும்படியாகவும் தம்முடைய கட்டுப்பாட்டில் இருக்கும்படியாகவும் கொண்டுசெல்ல வேண்டும். பொது இடத்தில் அதை எடுத்துக் காட்டி மிரட்டுவதும் வெடிப்பதும் முற்றிலும் தடுக்கப்பட்டவை. ஆகவே நம் நாட்டில் உரிமம் பெற்றவருடைய துப்பாக்கி மறைந்தே இருக்க வேண்டியது. மறைந்திருக்கும் பொருளைக் குறித்துப் பக்கத்தில் நிற்பவர் எச்சரிக்கையாக இருக்க வழியில்லை. எச்சரிக்கை முழுவதும் வைத்திருப்பவரின் தலையிலேயே விழுகிறது. ‘கட்டுப்பாட்டில் இருக்கும்படி’ என்று விதி சொல்லும் அந்தக் கடமையை மெய்யாக நிறைவேற்றுவது எப்படி என்று ஆராயும்போதுதான் அறைத் தோட்டாவின் பிரச்சினை எழுகிறது.

அறையில் தோட்டா ஏற்றியே வைத்திருக்க வேண்டும் என்போரின் வாதத்தை அலட்சியம் செய்வது நியாயமாகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்பாலான பயிற்சியாளர்களின் அபிப்பிராயம் அதுவே. அங்கே 2022 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சட்ட உரிமை என்று உறுதி செய்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிச்சீட்டே தேவையில்லை. சால்ட் லேக் சிட்டியில் போலீஸ் அதிகாரியாக இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையை அந்தப் பயிற்சியாளர்கள் தவறாமல் மேற்கோள் காட்டுவார்கள். கத்தியோடு பாய்ந்து வரும் ஒருவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான் என்று அவர் சோதித்துக் காட்டினார். அந்த ஒன்றரை விநாடிக்குள் சட்டையை விலக்கி, துப்பாக்கியை உருவி, குறிபார்த்துச் சுடுவதே அரிதாக இருக்க, இடையில் ஸ்லைடை இழுத்து ஏற்றுவதற்கு நேரம் எங்கே என்று அவர்கள் கேட்கிறார்கள். ஸ்லைடை இழுக்க இரண்டு கைகள் வேண்டும்; ஒரு கையில் குழந்தை இருக்கலாம், அல்லது அந்தக் கையால் வெட்டைத் தடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது அது காயம்பட்டிருக்கலாம். பதற்றத்தில் அரைகுறையாக இழுத்தால் தோட்டா சிக்கிக்கொள்ளும். அரிசோனாவில் 1976இல் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் என்னும் முன்னாள் மரைன் படை அதிகாரி, அறையில் தோட்டாவும், சுத்தியல் பின்னுக்கு மடங்கியும், வெடிக்காமல் பூட்டி வைக்கும் பாதுகாப்புத் தாழ் போட்டும் வைத்திருப்பதே ஆயத்தமான நிலை என்று ஒரு தலைமுறைக்கே போதித்தார். 1980களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த கிளாக் போன்ற பிஸ்டல்களில் வெளித்தாழே கிடையாது. விசையை முழுவதும் இழுத்தாலன்றி ஊசி விடுபடாதபடி உள்ளேயே தடுப்புகள் வைத்திருப்பதால், தோட்டா ஏற்றியிருந்தாலும் கீழே விழுந்து வெடிக்காது என்பது அவற்றின் தத்துவம்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. எதிரி முன்னே வந்து நிற்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், தோட்டா ஏற்றிய துப்பாக்கியே மேலானது. அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவரின் ஆயுள் அந்த ஒரு கணத்தால் ஆனதா? காலையில் அதை இடுப்பில் செருகுகிறார். காரில் ஏறும்போது சரிசெய்கிறார். கழிப்பறைக்குப் போகும்போது கழற்றி வைக்கிறார். இரவில் அசதியோடு வீட்டுக்கு வந்து பீரோவில் வைக்கிறார். வாரத்துக்கொருமுறை துடைத்து எண்ணெய் போடுகிறார். எதிரி வரும் கணம் அவருடைய வாழ்நாளில் ஒருமுறைகூட வராமல் போகலாம். எடுத்து வைக்கும் கணமோ ஆயிரம் ஆயிரமாக வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆயிரத்தில் ஒன்றில் கவனம் சிதறினால் போதும்.

2024 அக்டோபர் 1ஆம் தேதி விடியற்காலையில், இந்தித் திரைப்பட நடிகர் கோவிந்தா மும்பையிலுள்ள தம் வீட்டில் கொல்கத்தாவுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். உரிமம் பெற்ற தம்முடைய ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போகையில் அது கைநழுவிக் கீழே விழுந்து வெடித்ததாகவும், குண்டு காலில் பாய்ந்ததாகவும் செய்தி வெளியாயிற்று. தெய்வாதீனமாக அவர் பிழைத்துக்கொண்டார். அங்கே எதிரி யாரும் இல்லை, பகையும் இல்லை. தோட்டா நிரம்பிய துப்பாக்கியும், வழக்கமான ஓர் அவசரமும் மட்டுமே இருந்தன.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். 2023 டிசம்பர் 8ஆம் தேதி, அலிகார் நகரத்துக் காவல் நிலையம் ஒன்றுக்கு, மெக்காவுக்கு உம்ரா யாத்திரை செல்ல விரும்பிய ஒரு பெண்மணி பாஸ்போர்ட் விசாரணைக்காக மகனுடன் வந்து நின்றுகொண்டிருந்தார். அப்போது காவலர் ஒருவர் பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்து சப் இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிய உடனே கையாளத் தொடங்க, அது வெடித்து, எதிரே நின்ற பெண்மணியின் தலையில் குண்டு பாய்ந்தது. நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, எல்லாம் ஒருசில விநாடிகளில் முடிந்துபோனது தெரியும். சில நாட்களில் அவர் இறந்தார். ஆயுதத்தை நாளும் கையாளும் தொழிலில் இருப்பவர், சட்டத்தைக் காக்கும் இடத்திலேயே, குழல் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று பாராமலும், அறையில் தோட்டா இருக்கிறதா என்று சோதிக்காமலும் விரலை விசைக்குக் கொண்டுபோனால், அவருடைய சீருடையும் பதவியும் எதிரே நிற்பவருக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 2014 டிசம்பர் 30ஆம் தேதி, ஐடாஹோ மாநிலத்தின் ஹேடன் என்னும் ஊரில், 29 வயதுத் தாய் ஒருவர் தம் இரண்டு வயது மகனைச் சாமான் வண்டியில் உட்காரவைத்து ஒரு பெரிய கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் அணுசக்தி ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. துப்பாக்கியில் பழக்கம் உள்ளவர். முறையான அனுமதி பெற்றவர். கைத்துப்பாக்கியை மறைத்து வைப்பதற்கென்றே தனியறையும் ஜிப்பும் அமைத்துத் தைத்த கைப்பை ஒன்று குழந்தையின் அருகில் இருந்தது. குழந்தையின் சிறு கை பைக்குள் போயிற்று, துப்பாக்கி வெடித்தது, தாய் அங்கேயே இறந்தார். பயிற்சி இருந்தது, உரிமம் இருந்தது, நல்ல பையும் இருந்தது. இவை எல்லாம் இருந்தும் அறையில் ஒரு தோட்டாவும் இருந்தது. பெரியவர்களே பலத்தைக் கூட்டி இழுக்க வேண்டிய ஸ்லைடை இரண்டு வயதுக் குழந்தை ஒருக்காலும் இழுத்திருக்க முடியாது. அறை காலியாக இருந்திருந்தால் அந்தச் சிறுவன் இன்று தாயுடன் வளர்ந்துகொண்டிருப்பான்.

அறையைக் காலியாக வைப்பது போர்க்களம் காணாத பயந்தவர்களின் யோசனை என்று சிலர் எண்ணுகிறார்கள். சரித்திரம் அதற்கு மாறாகச் சாட்சி சொல்கிறது. 1920களிலும் 30களிலும், கொள்ளைக் கூட்டங்களும் ஆட்கடத்தல்காரர்களும் நிறைந்து, தெருச்சண்டைக்குப் பேர்போன ஷாங்காய் நகரத்தில், நம் நாட்டுச் சீக்கியர்கள் பலரும் பணியாற்றிய நகராட்சிப் போலீசுக்குப் பயிற்சி அளித்தவர் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயர். அவர் தம் காவலர்களின் பிஸ்டல்களில் இருந்த பாதுகாப்புத் தாழை அசையாதபடி ஆணியடித்துப் பயனற்றதாக்கிவிட்டு, அதற்குப் பதிலாக அறையைக் காலியாக வைத்தே எடுத்துச் செல்லவும், உருவும்போதே ஸ்லைடை இழுத்து ஏற்றவும் பழக்கினார். தாழ் போட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது பதற்றத்தில் நினைவு வராது. அறை காலி என்னும் நியமமோ எப்போதும் ஒன்றே. பழகிய கைக்கு, உருவுவதும் ஏற்றுவதும் ஒரே அசைவாகிவிடுகின்றன. இந்த முறையை 1942இல் சைக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் நூலாகவும் எழுதினார். பின்னர் இஸ்ரேல் நாடு தோன்றியபோது, பல நாடுகளிலிருந்தும் கிடைத்த பலவகைப் பிஸ்டல்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தாழையும் தனித்தனியே கற்பிக்க இயலாத நிலையில், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதியாக இதையே மேற்கொண்டார்கள். அந்த நாட்டின் பெயராலேயே இந்த முறை இன்று அழைக்கப்படுகிறது. உலகத்திலேயே அதிகமாகத் துப்பாக்கிச் சண்டையைச் சந்தித்தவர்களில் இரு சாரார் தேர்ந்தெடுத்த முறையைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது எளிதன்று.

யந்திரத்தையே நம்பிவிடலாம் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. புகழ் வாய்ந்த சிக் சவர் நிறுவனத்தின் புதிய பிஸ்டல் ஒன்று, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்ததால், 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனமே விற்ற துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுத் திருத்தித் தர முன்வந்தது. எவ்வளவு நுட்பமான தடுப்பும் மனிதன் செய்த தடுப்பே. கிளாக் போன்றவற்றின் விசைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ இழுவிசை போதும். சட்டையின் ஓரமோ, உறையின் கிழிந்த தோலோ உறைக்குள் மடிந்து விசையில் மாட்டிக்கொண்டால், அந்த விசைக்கு விரலுக்கும் துணிக்கும் வேற்றுமை தெரியாது.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் ஜல்லிக்கட்டு வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம். தை பிறப்பதற்கு முன்பே தச்சங்குறிச்சியில் காளைகள் அவிழ்க்கப்பட்டுவிடுகின்றன. திருவிழாக் காலத்தில் திருவப்பூரிலும் நார்த்தாமலையிலும் முத்துமாரியம்மன் சன்னிதியில் கூடும் ஜனத்திரளில் ஒருவர் தோள் ஒருவர்மேல் படாமல் நகர முடியாது. திருச்சிக்கும் தஞ்சைக்கும் போகும் பேருந்துகளில் நிற்க இடம் கிடைத்தாலே பாக்கியம். இந்த நெரிசலில் தவறி வெடிக்கும் ஒரு குண்டுக்கு வெற்றுவெளி என்று ஒன்று கிடையாது. அது எவர் உடம்பிலாவதுதான் போய் நிற்கும். வீடுகளோ, பாட்டி தாத்தாவும் பேரக்குழந்தைகளும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளும் கதவைத் தட்டாமலே உள்ளறை வரை வந்துபோகும் வீடுகள். பீரோச் சாவி எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் தனி வீட்டில், தனி அறையில், தனிக் காரில் வாழும் மனிதனுக்குச் சொல்லப்பட்ட உபதேசத்தை அப்படியே எடுத்து இங்கே அனுஷ்டிப்பது விவேகமாகாது.

அன்றியும், இங்கே தனிப்பட்டவர்கள் உரிமம் பெறுவது பெரும்பாலும் தொழில், சொத்து, நிலத்தகராறு, பழைய பகை முதலிய காரணங்களுக்காக. அத்தகைய அபாயம் கண்ணிமைக்கும் நேரத்தில் எதிரே முளைப்பதைவிட, முன்னறிவிப்போடு வருவதே அதிகம். அப்படி வருமானால், ஸ்லைடை இழுத்து ஏற்ற ஒரு விநாடி போதாதா? போதாது என்று தோன்றும் அளவுக்கு அபாயம் நெருங்கியிருக்குமானால், அந்த நிலையில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு சுடுவதும் பிறர் உயிருக்கு அபாயமே. நம் சட்டமும் தற்காப்பு உரிமையை ஏற்றுக்கொண்டாலும், தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்ய அனுமதிப்பதில்லை என்பதை உரிமம் பெற்றவர் மறக்கலாகாது.

ஆகவே என் முடிவு இது: உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் பிரஜை, தம் பிஸ்டலின் அறையை எக்காலத்திலும் காலியாகவே வைக்க வேண்டும், பழைய ரிவால்வர் வைத்திருப்பவர், சுத்தியலுக்கு நேரே உள்ள துளையில் தோட்டா இடாமல் வைக்க வேண்டும். இதற்கு ஒரே விதிவிலக்கு, பிறர் உயிரைக் காக்கும் கடமையில் நேரடியாக நிற்கும் பாதுகாவலர். அச்சுறுத்தல் உள்ள ஒருவரைக் கூட்டத்தின் நடுவே அழைத்துச் செல்லும் நேரத்தில் அவருக்கு அரை விநாடியும் அரியதே. அவரும்கூட, விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையும், கீழே விழுந்தால் வெடிக்காது என்று நிரூபிக்கப்பட்ட பிஸ்டலும், இடைவிடாத பயிற்சியும் உள்ளவராக இருக்க வேண்டும். பணி முடிந்து ஆயுதத்தை ஒப்படைக்கும்போது அறையைக் காலி செய்த பின்பே ஒப்படைக்க வேண்டும்.

காலி அறை என்னும் நியமத்திலும் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும். ‘அறை காலிதான்’ என்று நினைத்துக்கொண்டு துப்பாக்கியை விளையாட்டாகத் தூக்கிக் காட்டுகிறவர், தோட்டா ஏற்றி வைத்து எப்போதும் எச்சரிக்கையாக இருப்பவரைவிட அபாயகரமானவர். காலி என்பது நினைப்பினால் நிச்சயமாவதில்லை, சோதனையால் மட்டுமே நிச்சயமாகிறது. அந்தச் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு; வரிசை மாறக்கூடாது. விரலை விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடலை ஒட்டி நீட்டி வைத்துக்கொண்டு, குழலை ஆள் இல்லாத திசையில் மண்ணையோ மண் நிரப்பிய வாளியையோ நோக்கித் திருப்ப வேண்டும். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறையில் தோட்டா இருந்தால் அதை வெளியே விழச் செய்து, ஸ்லைடைத் திறந்தபடியே நிறுத்த வேண்டும். பிறகு அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்துப் பிறகு மேகசினைக் கழற்றினால், வெளியே விழுந்த தோட்டாவின் இடத்தில் மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா ஏறிக்கொண்டுவிடும். கழற்றியவரோ காலி செய்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும், கொடுப்பவர் சோதித்த பிறகும், வாங்குபவர் மறுபடி சோதித்தாக வேண்டும்.

இது இராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் உரிய வித்தை அல்ல. உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகளே வகுத்திருக்கின்றன. அந்தப் பயிற்சியை ஒரு சான்றிதழுக்காக முடித்துவிட்டு மறந்துபோகாமல், ஆண்டுக்கொருமுறையேனும் புதுப்பித்துக்கொள்ள உரிமத்தாரர்கள் தாமாகவே முன்வர வேண்டும். தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படி ஒப்படைக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் ஒவ்வொரு துப்பாக்கியும் உரியவரின் கண்முன் சோதிக்கப்பட்டு, அறை காலி என்று பதிவேட்டில் குறிக்கப்படுமானால், பயிற்சியும் எச்சரிக்கையும் ஒருங்கே கிடைக்கும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நிர்வாகத்தின் ஓர் ஆணையே போதும்.

துப்பாக்கி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவே உங்கள் ஆயுதத்தை எடுங்கள். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடைத் திறந்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். வீட்டில் இருக்கும்போது தோட்டாக்களை ஒரு பூட்டிலும் துப்பாக்கியை வேறொரு பூட்டிலும் வையுங்கள். இரண்டு சாவிகளும் உங்களைத் தவிர வேறெவர் கைக்கும் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது அபாயம் வந்தால் ஒரு விநாடி தாமதமாகலாம் என்ற அச்சத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கும், உங்கள் இடுப்பில் என்ன இருக்கிறதென்றே அறியாத மனிதனின் உயிரை அந்த ஒரு விநாடி காப்பாற்றும்.